'லைஃப்' இதழின் ஒளிப்படங்கள்: படமும் படக்குறிப்பும்

முன்னுரை

புறநானூற்றுப் பாடலைக் கற்போர் பாட்டின் அடிகளோடு நின்றுவிடுவதில்லை. பாட்டின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர், பாடிய சூழல் ஆகியவற்றைக் கூறும் குறிப்பு இருக்கிறது. அக்குறிப்பைப் பாடிய புலவரே எழுதிவைத்தார் என எவரும் கொள்வதில்லை. தொகுத்தவரோ அவருக்குப் பின் வந்தவரோ சேர்த்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. ஆயினும் அப்பாடல்கள் இன்றுவரை அக்குறிப்பின் வழியாகவே பெரும்பாலும் பொருள் கொள்ளப்பட்டு வருகின்றன. குறிப்பை நீக்கிப் படித்தால் சில பாடல்கள் வேறு பொருள் தருவதையும் காண்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் படஇதழ்களில் வெளியான ஒளிப்படங்களின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. படத்தை எடுத்தவர் ஒருவர். பலநூறு படங்களுள் சிலவற்றைத் தெரிந்து பக்கத்தில் அடுக்கியவர் மற்றொருவர். அதன் கீழே குறிப்பு எழுதியவர் வேறொருவர். படிப்பவருக்கு இம்மூவர் பணியும் ஒன்றாகவே தோன்றும். 'ஒளிப்படம் பொய் சொல்லாது' என்னும் நம்பிக்கை இம்மயக்கத்திலிருந்தே பிறக்கிறது.

படஇதழ்களுள் பெருஞ்செல்வாக்குப் பெற்ற 'லைஃப்' என்னும் அமெரிக்க வார இதழை (1936-1972) இக்கட்டுரை ஆராய்கிறது. இந்திய விடுதலை, நாட்டுப் பிரிவினை, பஞ்சம் ஆகியன பற்றி நம் பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் இடம்பெறும் படங்கள் பல அவ்விதழுக்காக எடுக்கப்பட்டவை. நம் வரலாற்றின் காட்சி நினைவில் ஒரு பகுதி அவ்விதழின் ஆசிரியர் மேசையில் உருவானது எனலாம். ஆகவே அப்படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது கைக்கொள்ள வேண்டிய முறை யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

இதழ் தோன்றிய சூழல்

செய்தியைப் படத்துடன் தரும் வழக்கம் 'லைஃப்' இதழால் தோன்றியதன்று. 1842ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' மரச்செதுக்குப் படங்களால் செய்தி கூறியது. ஒளிப்படத்தை நேரடியாக அச்சில் ஏற்ற அன்று வழியில்லை; ஓவியர் ஒருவர் பார்த்து வரைந்து, அதைச் செதுக்கித் தரவேண்டியிருந்தது. ஒளிப்படத்தின் நிழலையும் ஒளியையும் சிறிய, பெரிய புள்ளிகளாக மாற்றும் ஹாஃப்டோன் பிளாக் முறை 1880களிலிருந்து படிப்படியாகப் பரவிய பின்னரே இந்த இடைக்கை நீங்கியது. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறிய கேமராக்கள் ஒளிப்படக்காரரை முக்காலியிலிருந்து விடுவித்தன. 1920களின் இறுதியில் பெர்லின், மியூனிக் நகரங்களின் வார இதழ்கள் பல படங்களைத் தொடர்ச்சியாக அடுக்கிக் கதை கூறும் முறையை வளர்த்தன. பாரிசில் 1928இல் தோன்றிய 'வ்யூ' இதழும் அவ்வழியில் நடந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மானிய இதழாசிரியர்களும் ஒளிப்படக்காரர்களும் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களோடு அக்கலையும் இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் குடிபெயர்ந்தது.

'டைம்', 'ஃபார்ச்சூன்' ஆகிய இதழ்களை நடத்திவந்த ஹென்றி லூஸ் இச்சூழலில்தான் படஇதழ் ஒன்றைத் தொடங்க முனைந்தார். 1883 முதல் வெளிவந்துகொண்டிருந்த 'லைஃப்' என்னும் நகைச்சுவை இதழை 92,000 டாலருக்கு வாங்கினார். அவருக்கு வேண்டியிருந்தது அதன் பெயர் மட்டுமே. புதிய 'லைஃப்' இதழின் முதல் எண் 1936 நவம்பர் 23 நாளிட்டு வெளிவந்தது. விலை 10 சென்ட். ஏறத்தாழ 14 அங்குல உயரமுள்ள பெரிய பக்கங்கள், வழவழப்பான தாள், விரைந்து உலரும் மை ஆகியன சுழல் அச்சு இயந்திரத்திலேயே படங்களைத் தெளிவாக அச்சிட உதவின. தொடக்கத்தில் பணியமர்ந்த ஒளிப்படக்காரர்கள் மார்கரெட் பர்க்-வைட், ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட், தாமஸ் மெக்காவாய், பீட்டர் ஸ்டாக்போல் ஆகிய நால்வர்.

இதழின் வெற்றியே அதற்கு முதல் நெருக்கடியாயிற்று. இரண்டரை இலட்சம் படிகள் விற்கும் என்ற உறுதியின் அடிப்படையில் விளம்பரக் கட்டணம் வரையறுக்கப்பட்டிருந்தது. விற்பனையோ சில மாதங்களில் பத்து இலட்சத்தைத் தாண்டியது. ஒவ்வொரு படிக்கும் ஆகும் தாள், அச்சுச் செலவை 10 சென்ட் விலை ஈடுசெய்யவில்லை; பழைய ஒப்பந்த விளம்பரங்களும் ஈடுசெய்யவில்லை. விற்க விற்க இழப்பு வளர்ந்தது. படஇதழ் என்பது விளம்பரத்தை நம்பியே வாழும் வடிவம் என்பது அதன் பிறப்பிலேயே வெளிப்பட்ட உண்மையாகும். அதன் முடிவும் அவ்வழியிலேயே வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதல் எண்ணின் முகப்பில் இடம்பெற்றது மான்டானா மாநிலத்தின் ஃபோர்ட் பெக் அணைத் திட்டத்தைக் காட்டும் பர்க்-வைட்டின் படம். கோட்டை மதில்போல் உயர்ந்து நிற்கும் அக்கட்டுமானத்தை அணை என்றே பலர் குறித்துவந்துள்ளனர். உண்மையில் அது அணையிலிருந்து சில கல் தொலைவிலுள்ள மிகைநீர்ப் போக்கியின் பகுதி. இது சிறு செய்தியே. எனினும், படத்தில் உள்ளது யாது என்பதைப் படம் தானே சொல்வதில்லை என்பதற்கு இதழின் முதல் முகப்பே சான்றாக அமைந்துவிட்டது. உள்ளே அணைத் தொழிலாளர்கள் வாழ்ந்த தற்காலிகக் குடியிருப்புகள், மதுக்கடைகள், அவர்தம் குடும்பங்கள் ஆகியன தொடர்படங்களாக இடம்பெற்றன. பொறியியல் சாதனையைப் படமெடுக்கச் சென்றவர் மனித வாழ்வையும் படமெடுத்து வந்தார். 'லைஃப்' இதழுக்குப் புகழ்தந்த படக்கட்டுரை என்னும் வடிவத்தின் முதல் மாதிரியாக அது கருதப்படுகிறது.

படக்கட்டுரை என்னும் வடிவம்

படக்கட்டுரையில் படம் உரைக்கு அணியாக வருவதன்று. படங்களின் வரிசையே வாதத்தைக் கொண்டு செல்லும். தொடக்கத்தில் ஒரு பெரிய படம், இடையில் செயலைக் காட்டும் சிறிய படங்கள், இறுதியில் உணர்வை நிலைநிறுத்தும் ஒரு படம் என அவ்வரிசை அமையும். இவ்வடிவத்தின் உச்சமாக யூஜீன் ஸ்மித்தின் 'நாட்டுப்புற மருத்துவர்' (1948 செப்டம்பர் 20) என்னும் படக்கட்டுரையைக் குறிப்பர். கொலராடோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் எர்னஸ்ட் செரியானி என்னும் மருத்துவருடன் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கி, நோயாளியின் கட்டில்வரை உடன் சென்று ஸ்மித் எடுத்த படங்கள் அவை.

படங்களின் மேல் உரிமை யாருக்கு என்னும் பூசலும் ஸ்மித்தின் வாழ்விலேயே வெளிப்பட்டது. ஆல்பர்ட் ஷ்வைட்சரின் ஆப்பிரிக்க மருத்துவமனை பற்றி 1954இல் வெளியான கட்டுரையில் படத்தெரிவும் பக்க அமைப்பும் தம் விருப்பத்திற்கு மாறாக அமைந்தன என மனம் வருந்திய அவர் இதழைவிட்டு விலகினார். இதனால் எடுத்தவர் உண்மையின் பக்கமும் தொகுத்தவர் பொய்யின் பக்கமும் நின்றனர் என முடிவுசெய்ய இயலாது. அதே கட்டுரையில் ஷ்வைட்சரின் புகழ்பெற்ற படத்தில், முன்புறம் நிழலுருவாகத் தெரியும் கையையும் ஈர்வாளின் பிடியையும் ஸ்மித்தே வேறொரு நெகட்டிவிலிருந்து எடுத்து இருட்டறையில் இணைத்தார். எடுத்தவரும் தம் அளவில் தொகுப்பவரே என்பது இதனால் விளங்கும்.

'லைஃப்' இதழில் பணியமர்ந்த முதல் கறுப்பின ஒளிப்படக்காரரான கார்டன் பார்க்ஸின் பட்டறிவும் நோக்கத்தக்கது. ஹார்லெம் பகுதி இளைஞர் குழுத்தலைவன் ஒருவனைப் பற்றி 1948இல் அவர் எடுத்த பலநூறு படங்களுள் 21 மட்டுமே அச்சேறின. அவ்விளைஞன் வீட்டில் அன்புடன் வாழ்வதைக் காட்டும் படங்களும் அவர் எடுத்தவற்றுள் இருந்தன; வெளியான கட்டுரையிலோ வன்முறையே மேலோங்கி நின்றது. 2013இல் நியூ ஆர்லியன்ஸ் கலைக்கூடம் நடத்திய கண்காட்சி, அச்சான பக்கங்களையும் அச்சாகாத படங்களையும் அருகருகே வைத்து இவ்வேறுபாட்டைக் காட்டியது. ஏட்டுச்சுவடிகளையும் அச்சுப்பதிப்பையும் ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காண்பதோடு இம்முறை முற்றிலும் ஒத்தது. உ.வே. சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்பின் வழியில் வந்த தமிழாய்வாளருக்கு இது புதிய முறையன்று; கைவந்த முறையே.

ஒரே படத்திற்குக் குறிப்பு மாறிமாறி வந்தமைக்கு ராபர்ட் காப்பாவின் நார்மண்டிப் படங்கள் தக்க சான்று. 1944 ஜூன் 6 அன்று கடற்கரையில் இறங்கிய அமெரிக்கப் படையினருடன் சென்று அவர் எடுத்த படங்கள் ஜூன் 19ஆம் நாளிட்ட இதழில் வந்தன. படங்கள் கலங்கியிருந்தமைக்கு அந்நேரத்துப் பரபரப்பில் கேமரா அசைந்ததே காரணம் என்று இதழின் குறிப்பு கூறியது. பின்னர், இலண்டன் இருட்டறையில் உலர்த்தும் பெட்டியின் வெப்பம் மிகுந்து பெரும்பாலான படச்சுருள்கள் அழிந்தன என்றும், எஞ்சியவை பதினொன்று மட்டுமே என்றும் விளக்கம் வழங்கியது. அவ்விளக்கம் ஏறத்தாழ எழுபதாண்டுகள் ஐயமின்றி ஏற்கப்பட்டது. 2014 முதல் ஏ.டி. கோல்மன் முதலியோர், அத்தகைய வெப்பத்தால் படச்சுருள் அவ்வாறு உருகாது என்றும், காப்பா எடுத்த படங்களே சிலதாம் என்றும் வாதிட்டனர். படம் மாறவில்லை, அதன் கலக்கத்திற்குச் சொல்லப்பட்ட காரணமே மும்முறை மாறியது.

இந்தியா பற்றிய படங்கள்: மூன்று சான்றுகள்

1941 பிப்ரவரியில் ஹென்றி லூஸ் தம் இதழில் 'அமெரிக்க நூற்றாண்டு' என்னும் கட்டுரையை எழுதினார். உலகில் அமெரிக்கா தலைமை தாங்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா பற்றிய 'லைஃப்' படங்கள் இந்நோக்கு நிலவிய பக்கங்களில் வெளியானவை என்பதை மறத்தலாகாது.

முதற்சான்று, இராட்டையின் பின்னே காந்தியடிகள் அமர்ந்து படிக்கும் படம். 1946இல் பூனாவில் பர்க்-வைட் இதை எடுத்தார். படமெடுக்கும் முன் நூல்நூற்கக் கற்க வேண்டும் எனத் தமக்கு நிபந்தனை விதிக்கப்பட்டதையும், மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு மட்டுமே இசைவு கிடைத்ததையும், முதலிரண்டும் பயன்படாமற்போக மூன்றாவதில் படம் அமைந்ததையும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்துள்ளார். இன்று உலகறிந்த இப்படத்திற்கு இதழ் முதலில் சிறப்பிடம் தரவில்லை. இந்தியத் தலைவர்கள் பற்றி 1946 மே மாதம் வெளியான கட்டுரையில் அது சேர்க்கப்படவில்லை. அடுத்த மாதம் காந்தியடிகளின் இயற்கை மருத்துவ ஈடுபாடு பற்றிய கட்டுரையொன்றின் தலைப்பில் சிறிய அளவில் வந்தது. 1948 ஜனவரி 30இல் அவர் கொல்லப்பட்ட பின்னரே, அஞ்சலிப் பக்கங்களில் அரைப்பக்க அளவில் இடம்பெற்றது. மருத்துவக் கட்டுரையின் அணியாக வந்த படம் இரங்கற்பாவாக மாறியது. அதற்கு அப்பொருளைத் தந்தது எடுத்த கணமன்று. இறப்பும் பக்கத்தில் அதற்குக் கிடைத்த இடமுமே.

இரண்டாவது சான்று, 1947 ஆகஸ்ட் 18ஆம் நாளிட்ட இதழில் வந்த டேவிட் டக்ளஸ் டங்கனின் படம். 'இந்தியா', 'பாகிஸ்தான்' என்னும் பெயர்ப்பலகைகளுடன் இருபுறமும் நூற்குவியல்கள். நடுவே தலையில் கைவைத்தபடி நூலகர். அவர் பி.எஸ். கேசவன், பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் தேசிய நூலகத்திற்குத் தலைமை ஏற்றவர். பிரிவினையில் நூலகங்கள்கூடத் துண்டாடப்பட்டன என்பதற்கு இப்படம் மீண்டும் மீண்டும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. அந்நூலகம் அவ்வாறு பங்கிடப்படவில்லை என்றும், இக்காட்சி கேமராவிற்காக அமைக்கப்பட்டது என்றும் பிற்கால ஆய்வு சுட்டியுள்ளது. மேசை நாற்காலி முதல் அரசு அலுவலகப் பொருள்கள்வரை பங்கிடப்பட்டமை வரலாறு. அவ்வுண்மைக்குப் பொருத்தமான உருவகமாக இப்படம் அமைந்தது. ஆனால் உருவகம் வேறு, சான்று வேறு. உவமையை வரலாற்றுக் குறிப்பாகக் கொள்ளும் பிழை இலக்கிய ஆய்வில் எவ்வளவு கேடு விளைக்குமோ, பட ஆய்விலும் அவ்வளவு விளைக்கும்.

மூன்றாவது சான்றே மிகவும் கடினமானது. பிரிவினையால் பஞ்சாபில் இடம்பெயர்ந்த மக்களை 1947இல் பர்க்-வைட் எடுத்த படங்கள் நவம்பர் 3ஆம் நாளிட்ட இதழில் வெளிவந்தன. முதியோரைத் தோளில் சுமந்து செல்வோரும், மாட்டுவண்டிகளும், வழியில் வீழ்ந்தோரும் அப்படங்களில் உள்ளனர். அப்பெருந்துயருக்கு இவற்றிற்கு நிகரான காட்சிச் சான்று அரிது. ஆயினும் அவருடன் சென்ற செய்தியாளர், தளர்ந்து நடந்துகொண்டிருந்த குடும்பம் ஒன்றைப் படம் சரியாக அமையும்வரை மீண்டும் மீண்டும் திரும்பி நடக்குமாறு பர்க்-வைட் பணித்தார் என்றும், அஞ்சிய அம்மக்கள் மறுக்கவில்லை என்றும் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அம்மக்களின் துயர் நடிப்பன்று. நடந்த தொலைவும் பொய்யன்று. எனினும் படத்தில் நாம் காணும் அந்த ஒரு நடை அவர்கள் தாமே நடந்த நடையா, பணிக்கப்பட்ட நடையா என்பதைப் படம் சொல்லாது. நம் மண்ணின் மக்கள் தம் மிகப்பெரிய இழப்பின் நடுவிலும் பிறர் பார்வைக்காக மறுபடி நடக்க நேர்ந்தது என்பதும் அப்படத்தின் வரலாற்றில் ஒரு பகுதியே.

2006இல் குஷ்வந்த் சிங்கின் 'ட்ரெயின் டு பாகிஸ்தான்' நாவலின் சிறப்புப் பதிப்பில் பர்க்-வைட்டின் படங்கள் சேர்க்கப்பட்டன. இதழில் செய்தியாக இருந்தவை நூலில் புனைகதையின் துணைப்படங்களாயின. படம் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குப் பெயரும்போது பழைய குறிப்பை உதிர்த்துப் புதிய குறிப்பை ஏற்கிறது என்பதற்கு இது பிறிதோர் எடுத்துக்காட்டு.

வறுமையின் படமும் மறுமொழியும்

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் ஆகஸ்ட் 22 அன்று தெருவில் மடிந்துகொண்டிருந்தோரின் படங்களை வெளியிட்டு, அரசு மறைக்க முயன்றதை வெளிப்படுத்தியது. சுனில் ஜானா பொதுவுடைமைக் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' இதழுக்காகப் படமெடுத்தார். 'லைஃப்' இதழுக்காக வில்லியம் வாண்டிவெர்ட் படமெடுத்தார். பசி ஒன்றே; படங்கள் சென்று சேர்ந்த கண்கள் வெவ்வேறு. நாளிதழின் படம் ஆட்சியாளரை நோக்கிய குற்றச்சாட்டு; கட்சி இதழின் படம் மக்களைத் திரட்டும் அழைப்பு; கடல்கடந்த வார இதழின் படமோ தொலைநாட்டுத் துயர் பற்றிய செய்தி.

இத்தகைய படங்களால் நன்மை விளையவில்லை எனக் கூறுவது நேர்மையாகாது. 1951இல் வெர்னர் பிஷோஃப் பீகாரின் பசித்த மக்களை எடுத்த படங்கள் 'லைஃப்' இதழில் வந்தன. இந்தியாவிற்குத் தானியம் வழங்குவது பற்றி அமெரிக்க நாடாளுமன்றம் விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது. அவ்வாண்டு ஜூனில் 19 கோடி டாலர் கடனாக வழங்கும் சட்டம் நிறைவேறியது. படங்கள் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாவிடினும், பொதுமக்கள் மனத்தை இளகச் செய்ததில் அவற்றிற்குப் பங்குண்டு. ஆனால் கையேந்தி நிற்கும் நாடு என்னும் இந்தியாவின் தோற்றம் மேலைநாட்டார் நினைவில் நெடுங்காலம் தங்கியதிலும் அவற்றிற்குப் பங்குண்டு. பயனும் பழியும் ஒரே படத்திலிருந்து பிறந்தன.

இவ்வாறு பார்க்கப்படுவோர் திரும்பிப் பார்த்த அரிய நிகழ்ச்சி பிரேசிலில் நடந்தது. 1961 ஜூன் 16ஆம் நாளிட்ட இதழில் கார்டன் பார்க்ஸ், ரியோ டி ஜெனீரோவின் குடிசைப் பகுதியில் வாழ்ந்த ஃப்ளாவியோ என்னும் நோயுற்ற சிறுவனின் குடும்பத்தைக் காட்டினார். வாசகர்கள் ஏறத்தாழ 30,000 டாலர் அனுப்பினர். சிறுவன் டென்வர் நகரத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு நலம்பெற்றான். இதனால் சினமுற்ற 'ஓ க்ருசெய்ரோ' என்னும் பிரேசில் படஇதழ் தன் ஒளிப்படக்காரர் ஹென்றி பாலோவை நியூயார்க்குக்கு அனுப்பியது. அந்நகரின் ஏழைக் குடியேறிகளின் வாழ்வை அவர் எடுத்த படங்கள் அவ்வாண்டு அக்டோபரில், ஏறத்தாழ 'லைஃப்' பக்கங்களைப் போன்றே அடுக்கி வெளியிடப்பட்டன. லூஸின் 'டைம்' இதழ் அவை ஜோடிக்கப்பட்ட படங்கள் எனக் குற்றஞ்சாட்டியது. ரியோவின் வறுமையைக் காட்டியபோது எழாத ஐயம் நியூயார்க்கின் வறுமையைக் காட்டியபோது எழுந்தது கருதத்தக்கது.

வெற்றியின் படத்திலும் இச்சிக்கல் உண்டு. 1945 ஆகஸ்ட் 14 அன்று போர் முடிந்த மகிழ்ச்சியில் நியூயார்க் தெருவில் கடற்படை வீரர் ஒருவர் வெள்ளுடைப் பெண்ணை முத்தமிடும் ஐசன்ஸ்டாட்டின் படம் காதலின் அடையாளமாகப் போற்றப்பட்டது. அப்பெண் எனப் பெரிதும் ஏற்கப்பட்ட கிரெட்டா ஃப்ரீட்மன், அம்முத்தம் தாம் விரும்பித் தேர்ந்ததன்று எனப் பின்னர்த் தெரிவித்தார். அறுபதாண்டுகள் கழித்துப் படத்தினுள் இருந்தவர் தாமே எழுதிய குறிப்பு அது.

முடிவும் எஞ்சிய ஆவணமும்

1969 ஜூன் 27ஆம் நாளிட்ட இதழ், வியட்நாம் போரில் ஒரே வாரத்தில் இறந்த 242 அமெரிக்க வீரர்களின் பெயர்களை வெளியிட்டது. அவர்களுள் பெரும்பாலோரின் முகங்களும் உடன் அச்சாயின. பள்ளிப் படங்கள், படைச்சேர்ப்பின்போது எடுத்த சிறிய படங்கள் ஆகியவையே அவை. போர்க்களக் காட்சி எதுவும் அவ்வரிசையில் இல்லை. புகழ்பெற்ற ஒளிப்படக்காரர் எவருடைய திறனும் அதில் இல்லை. எனினும் 'லைஃப்' வெளியிட்டவற்றுள் மிக ஆழமாகத் தைத்த பக்கங்களில் அவையும் அடங்கும். கலைநயம் அற்ற படங்கள் தொகுப்பினால் மட்டுமே பேராற்றல் பெற்றமைக்கு இதனினும் தெளிவான சான்று இல்லை. இதுவரை தொகுப்பவர் கையின் குறையை மிகுதியும் கண்டோம்; அதே கையின் அறத்தையும் இங்குக் காண்கிறோம்.

அக்காலத்தே இதழின் விற்பனை ஏறத்தாழ 85 இலட்சமாக உயர்ந்திருந்தது. ஆனால் விளம்பரம் தொலைக்காட்சியை நாடிச் சென்றது. அஞ்சல் கட்டணமும் உயர்ந்தது. குறைந்த சந்தாவிற்குப் பெரிய இதழை இலட்சக்கணக்கான இல்லங்களுக்கு அனுப்புவது இழப்பாயிற்று. தொடக்கத்தில் நேர்ந்த கணக்கே முடிவிலும் நேர்ந்தது. விற்பனை எண்ணிக்கையைத் தானே குறைத்துப் பார்த்தும் பயனின்றி, 1972 டிசம்பர் 29ஆம் நாளிட்ட எண்ணோடு வார இதழ் நின்றது. பின்னர் 1978 முதல் 2000 வரை மாத இதழாகவும், 2004 முதல் 2007 வரை நாளிதழ்களின் இணைப்பாகவும் அப்பெயர் தொடர்ந்தது. இந்தியாவிலும் 1923 முதல் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா' என்ற பெயர் தாங்கிப் பல தலைமுறைகளுக்குப் படங்களால் நாட்டைக் காட்டிய வார இதழ் 1993இல் நின்றது.

இதழ் மறைந்தாலும் படங்கள் மறையவில்லை. 2008இல் 'லைஃப்' படக் காப்பகம் கூகுள் நிறுவனத்தின் வழியாக இணையத்தில் வெளியிடப்படத் தொடங்கியது. அச்சேறிய படங்களும் அச்சேறாத படங்களும் இன்று ஒன்றாகக் கிடைக்கின்றன. ஆய்வாளருக்கு இது பெருஞ்செல்வம். அதேபோது இடரும் உண்டு. காப்பகத்தில் படம் தனியே நிற்கிறது. அது எந்தப் பக்கத்தில், எந்தத் தலைப்பின்கீழ், எந்த விளம்பரத்திற்கு எதிரே வந்தது என்பது அங்குத் தெரிவதில்லை. நாளிதழும் பாடநூலும் அத்தனிப்படத்தை எடுத்துத் தம் குறிப்பைச் சேர்க்கின்றன. தொகை நூலிலிருந்து பிரித்தெடுத்த உதிரிப்பாடல் போல அது அலைகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. படஇதழில் வெளியான ஒளிப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். படம் எடுக்கப்பட்ட சூழலும், எடுத்தவர்க்கும் எடுக்கப்பட்டவர்க்கும் இருந்த உறவும் முதல்நிலை. எடுத்தவற்றுள் எவை தெரியப்பட்டன, எவை விடப்பட்டன, பக்கத்தில் எவ்வாறு அடுக்கப்பட்டன என்பது இரண்டாம் நிலை. கீழே எழுதப்பட்ட குறிப்பும், பிற்காலத்தார் மாற்றியெழுதிய குறிப்புகளும் மூன்றாம் நிலை. இம்மூன்றையும் பிரித்துப் பார்த்த பின்னரே படம் சான்றாகும்.

இவ்வாறு பிரித்துப் பார்ப்பதால் படங்களின் மதிப்புக் குறைந்துவிடும் என அஞ்ச வேண்டுவதில்லை. துறைக்குறிப்பு பிற்காலத்தது என அறிந்ததால் புறநானூறு நமக்குச் சிறுமையுற்றுப் போகவில்லை. பாட்டையும் குறிப்பையும் தனித்தனியே மதிக்கக் கற்றோம். நூலகப் படம் பங்கீட்டின் சான்றன்று என அறிந்தபின், அக்காலத்தவர் பிரிவினையை எவ்வாறு கற்பனை செய்தனர் என்பதற்கு அது சான்றாகிறது. பஞ்சாபின் நெடுவழியில் நடந்தோரின் படத்தைக் காணும்போது அவர்கள் இழந்ததை மட்டுமன்றி, அவர்களிடம் கேட்கப்பட்டதையும் நினைக்கிறோம். அப்படத்தில் உள்ளோரின் பெயர்களை இதழ் நமக்குத் தரவில்லை. பெயரற்ற அம்மக்களுக்கு வரலாறு செய்யத்தக்க முதற்கடன், அவர்கள் படத்தின்கீழ் உள்ள குறிப்பை ஆராயாது திரும்ப எழுதாமையே ஆகும்.